எண் இல்லாத மூடி

வாலிநோக்கம் விலக்கு தாண்டி
உப்பளத்துக்கு நடுவே குட்டியானையை ஓரங்கட்டினேன்.
அதற்குச் சற்று முன்னால்தான்
சிவப்பைத் தொட்டிருந்த ஊசி
சட்டென்று கீழே இறங்கியது.
அப்பாடா என்றுகூடச் சொன்னேன்.
பிறகு உறைத்தது:
சென்சாரை நனைக்க உள்ளே தண்ணீரே இல்லை.
வெறும் ஆவியில் நின்றுகொண்டு
எல்லாம் சுகம் என்கிறது.

பின்னால் பதினோரு பெட்டி கணவாய்,
மூக்கையூரில் ஏற்றியது,
ஐஸ் உருகி ரோட்டில் சொட்டுகிறது.
என் சீட்டுக்கு அடியில் கொதிக்கிறது.

சீட்டைத் தூக்கினேன்.
மூடியைத் தொடவில்லை.

அந்த மூடிக்குள் ஒரு சுருள்வில், ஒரு ரப்பர் வட்டம்,
அவ்வளவுதான்.
தண்ணீர் எழும்பப் பார்க்கும், வில் உட்கார் என்னும்.
அழுத்த அழுத்தக் கொதிநிலை தள்ளிப் போகும்,
நூறு, நூற்றுப் பத்து, நூற்றுப் பதினெட்டு.
அதுவரை தண்ணீர் தண்ணீராகவே ஓடிச்
சூட்டைச் சுமந்துபோய்க் காற்றில் கொட்டிவிட்டு வரும்.

போன வாரம் சாயல்குடியில் மாற்றிய மூடி இது.
எண்பது ரூபாய்.
0.9 என்று பொறித்திருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்றிருந்தது.
காது பொருந்தியது, திருகினால் பூட்டியது.
பல்லிடுக்கில் தீக்குச்சியோடு ஜெர்மியாஸ் சொன்னான்,
"எல்லாம் ஒண்ணுதான்க்கா."

சுற்றிலும் தண்ணீர். பாத்தி பாத்தியாக.
ஒரு கை அள்ளி ஊற்ற முடியாது,
உப்பு ரேடியேட்டரை உள்ளிருந்தே தின்றுவிடும்.
வரப்பில் ஒருத்தி வந்தாள், இடுப்பில் நீலக் குடம்.
பூமயில் என்றாள் பேரைக் கேட்டதற்கு.
அவள் வேலை தண்ணீரைப் போகவிடுவது.
என் வேலை போகவிடாமல் பார்ப்பது.

"தொறந்து ஊத்திர வேண்டியதுதான?"

திறந்தால்
பாரம் நீங்கிய அந்த நொடியே
இத்தனை நேரம் அடங்கிக் கிடந்த மிச்சமெல்லாம்
தான் கொதித்திருக்க வேண்டும் என்பது நினைவு வந்து
ஒரே பாய்ச்சலாக எழும்.
சொல்லவில்லை.
வலது கையின் சட்டையை முழங்கைவரை ஏற்றிக் காட்டினேன்.
வழவழப்பான அந்தத் தோலைப் பார்த்துவிட்டு
குடத்தை நிழலில் வைத்தாள்.

அமலதாஸ் மூன்றாம் முறை கூப்பிட்டார்.
கம்பெனி கேட் நாலு மணிக்கு மூடுமாம்.
எவ்வளவு நேரம் என்றார்.
கை வைத்தால் பொறுக்கும்வரை என்றேன்.

ஆறியபோதுதான் கண்டேன்,
மேல் ஹோஸ்
பல் போன கன்னம்போல உள்ளே ஒட்டியிருந்தது.
மூடியின் அடியில் இன்னொரு வால்வு உண்டு,
சட்டைப் பித்தான் அளவு.
குளிரும்போது கீழ்நோக்கித் திறந்து
வெளியே துரத்தியதைத் திரும்ப உறிஞ்ச வேண்டும்.
எண்பது ரூபாய்க்கு அதுவும் அசையவில்லை.
போன தண்ணீர் பாட்டிலில் நிற்கிறது,
இங்கே ஹோஸ் மூச்சை இழுத்துப் பிடித்துக் கிடக்கிறது.

சாக்கைப் போட்டுத் திருகினேன்.
ஸ்ஸ் என்றது, உள்நோக்கி.
ஹோஸ் டப்பென்று நிமிர்ந்தது.

"பத்து ரூபாக் குடம்," என்றாள் பூமயில், "பாதிதான் தருவேன்."
கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன்.
காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர்
ஒரேயடியாக விழுந்தால் ஹெட் விரிந்துவிடும்.
காசு வாங்கவில்லை. நாலு கணவாய் வாங்கிக்கொண்டாள்.
கூட ஒட்டிவந்த ஐஸ் துண்டை
பிடரியில் வைத்துக் கண்ணை மூடினாள்.

ஏர்வாடிவரை நாற்பதுக்குமேல் போகவில்லை.
ஊசி நடுவில் நின்றது, நல்ல பிள்ளையாக.
நான் அதைப் பார்க்கவில்லை.
சீட்டின் வழியாகத் தொடைக்குச் சூடு வருகிறதா என்று
கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.