ஆற்றில் இறங்கும் நாளுக்கு ஷிஃப்ட் போடுதல்

மார்ச்சில் நாற்காலி மாறியது.
அதே கே.கே. நகர் லேப், அதே சென்ட்ரிஃப்யூஜ் இரைச்சல்,
ரத்தக் குழாய்களின் ஊதா, சிவப்பு, சாம்பல் மூடிகள்.
சாவிக்கொத்து மட்டும் புதிதாக என் பையில்.

பதினோரு மணி டீக்கு நான் போய்ச் சேர்வதற்குள்
பேச்சு தடம் மாறி
வெயிலைப் பற்றியதாகிவிடுகிறது.
போன மாதம் வரை
மேனேஜரைக் கண்டதும் வெயிலுக்குத் தாவியவர்களில்
நானும் ஒருத்தி.

முதல் வாரமே பாண்டிமீனாவை
எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்:
"பேரைப் பாத்து ஒட்ட மாட்டியா? படிச்சவதானே நீ?"
கடைசி இரண்டு சொற்கள் என்னுடையவை அல்ல.
பழைய மேனேஜர் என்னைக் கேட்டவை.
ஆறு வருஷம் என் தொண்டையில்
கெடாமல் இருந்திருக்கின்றன.
"சரிங்க மேடம்" என்றாள்.
அதுவரை அக்கா.
டிபன் டப்பா மூடியில்
எனக்கென்று கருவாட்டுத் துண்டு ஒதுக்கியவள்.

அப்புறம் பயத்தில்
எல்லாவற்றையும் நானே செய்தேன்.
ரிப்போர்ட் சரிபார்க்க, ரீஏஜென்ட் எண்ண,
ஃபிரிட்ஜின் குளிரைக் குறிக்க.
துளசிராம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்,
வேறு யார் வீட்டுக் கல்யாணத்திலோ
பந்தி பரிமாறுவதைப் பார்ப்பதுபோல.

சித்திரை வந்தது.
பதினாலு பேர், பதினோரு விடுப்புக் கடிதம், ஒரே நாளுக்கு.
முடியிறக்கணும். தண்ணி பீச்சணும்.
பரமக்குடியிலிருந்து சம்பந்தி வர்றாங்க.
"அன்னைக்குக் காய்ச்சல் வரும்போல இருக்கு"
என்று பத்து நாள் முன்பே எழுதியிருந்தான் ஜெயவீரன்.

ராத்திரி உட்கார்ந்து எக்ஸெல்லில் கட்டம் போட்டேன்.
முதல் கட்டத்தில் என் பெயர்.
அதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது.
இரண்டாவதில் சிக்கந்தர்,
யோசிக்கவே இல்லை.

காலையில் வந்து நின்றான். உட்காரவில்லை.
"ஒண்ணு கேக்கவாக்கா?
லீவு கேக்கலேன்னு போட்டீங்களா,
சிக்கந்தர்னு போட்டீங்களா?"

கோரிப்பாளையத்தில் அவன் தெருமுனையில்
வருஷாவருஷம் இரண்டு அண்டா மோர்.
அவனும் சேக்காளிகளும் விடிய விடிய ஊற்றுவார்களாம்.
"எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்.
எழுதிக் குடுக்கணும்னே தோணலை."
ஆறு வருஷம் அடுத்தடுத்த மேஜை எங்களுக்கு.

அழித்தேன்.
மறுநாள் மாடிப்படியில் உட்கார்ந்து
ஒவ்வொருவராகக் கேட்டேன்.
கேட்பது சுலபம்.
கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்
நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.
துளசிராமுக்குக் கூட்டம் ஆகாது,
ரெட்டைச் சம்பளம் என்றால் வருகிறார், மகளுக்கு ஃபீஸ் கட்டணும்.
ஜெயவீரன் காய்ச்சலில் உறுதியாக இருந்தான்.
பாண்டிமீனா, "போடுங்க மேடம். வர்றேன்."
ஏன் என்று சொல்லவில்லை.
நானும் துருவவில்லை. அது சரியா என்று
இன்றுவரை தெரியாது.

பாலத்தை அடைத்துவிடுவார்கள் என்று
முந்தின ராத்திரியே வந்து லேபில் படுத்தோம்.
விடியுமுன் ஆஸ்பத்திரிகளிலிருந்து ஏழு சாம்பிள்.
ஆறு பத்துக்கு சிக்கந்தரிடமிருந்து படம்:
தலைகள், தலைகள், தலைகளுக்கு மேல் தலைகள்,
தூரத்தில் மஞ்சளாய் ஒரு பொட்டு.
"பட்டு என்ன கலரு?" துளசிராம் எட்டிப் பார்த்தார்.
விரலால் பெரிதாக்கினேன்.
அழகர் கட்டங்கட்டமாய்ச் சிதறினார்.

அறையின் அந்தக் கோடியிலிருந்து
பாண்டிமீனா நடந்து வந்தாள்,
முழு நீளத்தையும்.
ஒரு குழாயை என் கைக்குப் பக்கத்தில் வைத்து,
துளசிராமுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்:
"லேபிள் மாறியிருக்கு. உங்க கையெழுத்து."
பதிலுக்கு நிற்கவில்லை.

உரிக்கிறேன்.
பசை நகத்தில் ஏறுகிறது.
பச்சைதானே, பச்சைதானே என்று
கேட்டுக்கொண்டே இருக்கிறார் துளசிராம்.