மான் வருமுன்

சுவிட்சைப் போட்டுவிட்டு
அரிசி கழுவலாம்.
கழுவி, உலையில் இட்டு, முற்றத்துக்கு வந்தால்
மதிலோரம் அந்தக் கொம்பு முறிந்த மான்
செவ்வரத்தையில் இரண்டு கொப்பைத் தின்று முடித்து
ஓட்டோவுக்கு வழிவிட்டு
வீதியைக் கடந்து போகும்.
அப்போதுதான் கண் திறக்கும்
என் கொம்பியூட்டர்.
உவர்மலையில் மற்றவர்களுக்கு மணிக்கூடு.
எனக்கு மான்.

ஜமாலியாவிலிருந்து வந்த ரிப்கான்
தட்டிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான்.
"அக்கா, இதை வித்தா இரும்பு விலைதான்.
புதுசெண்டா ரெண்டு லட்சம்."
இரண்டு லட்சத்துக்கு
எத்தனை பேர் பிறக்க வேண்டும்,
எத்தனை பேர் கலியாணம் கட்ட வேண்டும்
என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன்.
நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று வாழ்கிறவள்.

ஞாயிறு. காலையிலிருந்து கறண்ட் இல்லை.
மேசையில் பழைய பேப்பரை விரித்து
மூடியைக் கழற்றினேன்.
நாலு ஆணியில் மூன்று வந்தன.
நாலாவதைக் கடல் பிடித்து வைத்திருக்கிறது.
உள்ளே விசிறி, கம்பளி போர்த்த கிழட்டுப் பூனை.
பல்லி முட்டை ஓடு இரண்டு.
எப்போதோ தொலைந்த என் சட்டைப் பொத்தான்
(இது எப்படி இங்கே?)
ராம் துண்டை இழுத்தெடுத்து
அதன் பொன் பற்களை
சாருகன் விட்டுப்போன அழிறப்பரால் தேய்த்தேன்.
கறுப்பாய் உதிர்ந்தது
எட்டு வருஷத்து உப்புக்காற்று.

மத்தியானம் கறண்ட் வந்தது.
எழும்பும்போதே கூட எழும்புகிறவர்கள் யார் யார் என்று
பட்டியலைத் திறந்தால், பதினேழு பேர்!
கதவைத் திறக்குமுன்னே பந்தியில் குந்திவிடுகிறார்கள்.
பிறிண்டர் செத்து மூன்று வருஷம்,
அதன் வேலைக்காரன் மட்டும்
ஒருநாள் தவறாமல் வேலைக்கு வருகிறான்.
மொறட்டுவைக்குப் படிக்கப்போன மகனின்
கார் ஓட்டும் விளையாட்டு
தினமும் அவனுக்காக எஞ்சினைச் சூடாக்கி வைக்கிறது.
பன்னிரண்டு பேரை வெளியே விட்டேன்.
ஒருவரும் கோபிக்கவில்லை.

பிறகு வட்டு. சிவந்து வீங்கிக் கிடந்தது.
இறுதி, இறுதி இரண்டு, உண்மையான இறுதி,
இதுதான் அனுப்பியது.
மூதூர் வேலும்மயிலும்
என் கொம்பியூட்டருக்குள்
ஐந்து தடவை இறந்திருக்கிறார்.
முதல் தடவை பெயரில் ஒரு எழுத்துப் பிழை.
அடுத்ததில் தகப்பன் பெயர் இடம் மாறி.
நாலாவதை
முத்திரை மங்கல் என்று தூதரகம் திருப்பியது.
மூன்றாவதில், என் விரல் தவறி,
திகதி ஒன்று தள்ளிப்போய்
மனிதர் ஒருநாள் கூடுதலாய் வாழ்ந்திருக்கிறார்.

அந்த நாளில் என்ன செய்திருப்பார்?
வள்ளத்துக்குத் தார் பூசியிருப்பார்.
அல்லது சும்மா படுத்திருப்பார்.
யாரும் கணக்கில் எழுதாத ஒரு பகல்
என்னிடம் மட்டும் இருந்தது,
நாற்பத்திரண்டு கிலோபைட் எடையில்.

நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது.
மற்ற மூன்றுக்கும் கேட்ட அதே கேள்விதான்.
ஓம் என்று அழுத்திவிட்டு
குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.
சரியான மரணம் ஒன்றே ஒன்று
அதன் இடத்தில் இருக்கிறது.

திங்கள்.
சுவிட்சைப் போட்டேன்.
திரும்பி அரிசிச் சுண்டை எடுப்பதற்குள்
திரை பளீரென்று விடிந்து நின்றது.
செவ்வரத்தை முழுசாக இருக்கிறது.
வீதியில் ஒரு குளம்படியும் இல்லை.
முதல் கோப்பு: கிண்ணியா, பெண் குழந்தை.
பிறந்த நேரம் என்ற கட்டத்தில்
சின்னக் கோடு துடித்துத் துடித்து
என் முகத்தைப் பார்க்கிறது.

பொறு பிள்ளை, என்றேன்.
இன்னும் அரிசி கழுவவில்லை.