நகல் ஏட்டில் இல்லாத வரி

ஒரு கடிதத்துக்கு இரண்டு பென்னி எனக்கு.
கப்பலுக்கு ஒரு பிரதி, ஏட்டுக்கு ஒரு பிரதி.
எஜமான் ஹாலிபர்டன் நடந்துகொண்டே சொல்வார்.
பூட்ஸில் ஒட்டிய மண்ணைப் பார்த்தே
எந்த வயலிலிருந்து வருகிறார் என்று தெரிந்துவிடும்.
சிவப்பென்றால் பெருமை.
கறுப்பென்றால் வடிகால் மறுபடி அடைத்துக்கொண்டது;
அன்றைக்குக் கடிதம் சுருக்கம்.

கடலுக்கு அப்பால் டெலவேர் ஆற்றோரம்
ஜோசையா பென்ரட் என்றொருவர்.
மாதங்களைப் பெயர் சொல்லி எழுதமாட்டார்,
அவர்கள் சபை வழக்கம் அது:
நான்காம் மாதம், ஒன்பதாம் மாதம்.
பதினாறு வருடச் சிநேகம்.
ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.
ஒருவர் நிலத்துக்கு எத்தனை வண்டி சுண்ணாம்பு என்பது
இருவருக்கும் மனப்பாடம்.

ஒருமுறை பீப்பாயில் ஈரப்பாசி பொதிந்து
நாற்பது ஹிக்கரிக் கொட்டை அனுப்பினார் பென்ரட்.
எலி தின்றது போக, புழுத்தது போக, மூன்று.
மூன்றும் முளைக்கவில்லை.
பாசியிலிருந்து முளைத்தது
கூப்பிடாமல் வந்த ஏதோ ஒன்று.
ஐந்து இலை, அடியில் பூனைமயிர்.
அதற்குப் பெயர் தேடி ஏழு கடிதம்.
மகன் அம்மையில் போனதை எஜமான் சொன்னது
அந்த ஏழில் நான்காவதில்,
மகரந்தத்தாள் எண்ணிக்கைக்கும் டர்னிப் பூச்சிக்கும் நடுவே,
அரை வரி.
நான் முற்றுப்புள்ளி வைப்பதற்குள்
பூச்சிக்குப் போய்விட்டார்.

அப்புறம் இந்த வசந்தம்.
“மேட்டுப்புறத்தில் அறுபது ஏக்கர் தரிசை
வேலியடைத்து, உழுது, க்ளோவர் விதைத்தேன்” என்றார்.
தரிசு.
அந்தச் சொல்லில் இறகுப் பேனா மை கொட்டியது.
பதினொரு பசுக்கள் அங்கே மேயும்.
பத்து மற்றவர்களுடையது.

ஏட்டில் அவர் சொன்னபடியே எழுதினேன்.
கப்பல் பிரதியில், அவர் கையெழுத்திட்டு எழுந்துபோன பின்,
ஓரத்தில் ஒரு வரி:
அங்கே முன்பு பதினொரு பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன.
மடித்தேன். அரக்கு வைத்தேன்.
கை நடுங்கியதா என்றால், இல்லை.
ராத்திரிதான் நடுங்கியது.

டன்ஸ் சந்தையில் என் பசு இரண்டு பவுனுக்குப் போனது.
வாங்கினவன் தன் கயிறு கொண்டுவந்திருந்தான்.
பழைய கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு
ஆறு மைல் நடந்தேன்.

பதில் வர ஐந்து மாதம்.
எஜமான் ஜன்னலோரம் நின்று உரக்கப் படித்தார்.
ஆப்பிள் ஒட்டு பற்றி ஒரு பக்கம்.
எருக்குழி பற்றி ஒன்றரை.
பிறகு குரல் தாழ்ந்தது.

“பதினொரு பசுக்களும் இப்போது எங்கே மேய்கின்றன, நண்பரே?
என் பத்திரத்திலும் தரிசு என்றுதான் இருக்கிறது.
ஏர் ஓட்டும்போதெல்லாம் கல்லில் செதுக்கிய அம்புமுனை கிளம்புகிறது.
மேசை இழுப்பறையில் பத்தொன்பது வைத்திருக்கிறேன்.
யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.
கோதுமை இவ்வாண்டு சுமார்.”

“எந்தப் பசுக்கள்?”
ஏட்டைக் கொண்டுவரச் சொன்னார்.
வரிக்கு வரி விரல் வைத்துத் தேடினார்.
“பாவம், பென்ரட்டுக்கு வயதாகிவிட்டது” என்றார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
அவர் பார்த்தால் நான் மைக்கூட்டைப் பார்ப்பது வழக்கம்.
அன்றைக்குப் பார்க்கவில்லை.

க்ளோவரின் இரண்டாம் அறுப்பு எத்தனை வண்டி,
குதிரைகளுக்கு வயிறு உப்பியது எத்தனை நாள்,
சுவரோரம் அந்தப் பெயரில்லாச் செடி
பனிக்குத் தப்பியது எப்படி,
சொல்லச் சொல்ல எழுதினேன்.
பசுக்கள் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தாளை வீணாக்கும் மனிதர் அல்ல.
அன்றைக்கு, கடைசி வரிக்குக் கீழே
மூன்று விரல் வெள்ளை விட்டு
அடியில் கையெழுத்திட்டார்.
மை காய மணல் தூவவில்லை.
கதவைச் சாத்திக்கொண்டு போனார்.