நாற்பத்தொன்றுக்கு ஒன்பது

இரண்டாவது கிளச்சும் கருகின அன்று
ஒட்டுசுட்டானில் எல்லாரும் எஞ்சினைத்தான் பேசினார்கள்.
"பழசு. வலு விட்டுட்டுது.
வித்துப்போட்டு லாண்ட்மாஸ்டர் ஒண்டு எடும்" என்றார்
சங்கக்கடை முகாமையாளர்.
லீசிங்காரப் பொடியன் ஒன்றும் சொல்லவில்லை.
பிக்கப்பை ஒருமுறை சுற்றி நடந்தான்,
செத்தவீட்டில் கதிரை எண்ணுகிறவனைப்போல.

ஆயிரத்தைந்நூறு லீற்றர் தண்ணீர்.
பவுசரும் சட்டமும் இன்னொரு நானூறு கிலோ.
கிணற்றடியிலிருந்து குளம்வரை சமதரை,
பாலை நிழல், கிரவல்,
ஒரு பாவமும் செய்யாத றோட்டு.
கட்டேறும் அந்த நூறு யார்தான்.
முதலாம் கியரில், பாதிக் கிளச்சில் தொங்கி நிற்க
ஆவணி வெயிலோடு கருகல் மணம் ஏறிவரும்.
பவுசருக்குள் தண்ணீர் பின்னுக்கு ஒருதரம் அலையும்.
அந்த அலையோடு நாங்களும் பின்னுக்குப் போவோம்.

இரவு பின்பக்கத்தை ஜக்கில் தூக்கினோம்.
முன்சில்லுகளுக்குக் கல். கியர் நியூட்ரலில்.
ரயரில் ஒரு சோக்குக் கோடு,
கீழே ஓடும் தண்டில் ஒரு கோடு.
அந்தச் சில்லில் அஞ்சலோமணி,
இந்தச் சில்லில் அவள் மச்சான் குலவீரன்.
நான் டோச் லைட்டோடு மல்லாந்து கிடந்து எண்ணினேன்.
சில்லு ஒருமுறை வந்து சேர்வதற்குள்
தண்டு மூன்று முறை சுற்றி
நான்காவதில் பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றது.
அவ்வளவுதான் வருத்தம்.

மூன்றரை.
நெடுஞ்சாலைக்குப் பிறந்த கணக்கு இது.
முதல் சொந்தக்காரன் பிஸ்கற் கொம்பனிக்காரன்,
வெறும் பெட்டியோடு நூறில் பறந்து
டீசல் மிச்சம் பிடித்திருப்பான்.
அவனில் பிழையில்லை.
மூன்றரைச் சுற்றுக்குள்
ஒரு குளக்கட்டு அடங்காது, அதுதான்.

வவுனியாவில் நிஃமத்துல்லாவின் பழைய சாமான் கடை.
கிரவுண் வீலில் நாற்பத்தொரு பல்,
பினியனில் ஒன்பது.
இருமுறை எண்ணினேன், விரலெல்லாம் கறுப்பு ஒயில்.
"ஓட்டம் விழும் தங்கச்சி. டீசலும் குடிக்கும்."
"நான் என்ன கொழும்புக்கா போறன்?
பன்னிரண்டாம் கட்டைக்கு."
இரண்டு மாதக் கட்டுக்காசு அங்கே போனது.
குலவீரன் பல்லில் மை பூசி
உரசல் பார்த்துப் பார்த்துப் பூட்டினான்,
விடியும்வரை.

வலு கூடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.
அதே எஞ்சின். அதே புகை.
மூன்றரைப் பேர் தூக்கிய மூட்டையை
இப்போது நாலரைப் பேர் தூக்குகிறார்கள்.
அந்த அரை ஆள் யாரென்று என்னைக் கேட்காதீர்கள்.
கூலியை வேகத்தில் கழிக்கிறார்கள்.

கட்டடியில் முதலாம் கியர்.
கிளச்சை முழுதாக விட்டேன்.
தண்ணீர் பின்னுக்கு அலைந்தது.
நாங்கள் போகவில்லை.
மேய்ச்சலுக்குப் போகும் எருமையொன்று
பக்கத்தில் கொஞ்ச தூரம் வந்து
முந்திக்கொண்டு இறங்கியது.

மீற்றருக்கு மட்டும் இன்னும் பழைய நினைப்பு.
அறுபது என்று காட்டும்.
கட்டைக் கல்லோடு மணிக்கூட்டை வைத்துப் பார்த்தால்
நாற்பத்தேழு.
திருத்தவில்லை.
இதே றோட்டில் ஒருகாலம்
வீட்டையே ஏற்றிக்கொண்டு
எல்லாரும் இதைவிட மெதுவாகப் போனோம்,
யார் மீற்றர் பார்த்தது.

கருவேலங்கண்டலில் சிவசோதி படலையில் நின்றாள்.
"பத்து நிமிஷம் பிந்தீட்டாய்.
ஆனா கட்டில ஏறேக்கையே சத்தம் கேட்டிட்டுது,
முந்தி இப்பிடிக் கேக்காது."
உண்மைதான். எஞ்சின் கூடச் சுற்றுகிறது,
கூடக் கத்துகிறது.
நான் வந்து சேர்வதற்குள்
வாளி, கான், பீப்பா,
பிள்ளை குளிக்கிற நீலப் பேசின்,
எல்லாம் வரிசைக்கு வந்திருந்தன.

குழாயைத் திறந்தேன்.
முதல் செம்பை ரேடியேற்றரின் முகத்தில் ஊற்றினேன்.
வரிசையில் ஒருவரும்
ஏனென்று கேட்கவில்லை.