ஊக்கு

முந்நூற்று நாற்பது மார்புப் படங்கள்.
பெயர் வெட்டியாயிற்று, வயதும்.
சேத்துப்பட்டில் மின்சார ரயில் கடக்கும்போதெல்லாம்
திரையில் விலா எலும்புகள் லேசாக அதிர்கின்றன.

உண்டு. இல்லை.
எனக்கு இரண்டே பொத்தான்கள்.
சளியை எட்டு வாரம் வளர்த்துக் கண்ட உண்மை
பக்கத்து அறையில்
பரிமளகாந்தனின் பூட்டிய கோப்பில்.
நான் கேட்கக் கூடாது.

இருநூற்றுப் பதினேழில்,
இடது காறை எலும்பின் மேல்
ஓர் ஊக்கு.

சங்கிலி, தோடு, தாயத்து
சொன்னதையெல்லாம் கழற்றியவள்
இதை மட்டும் மறந்திருந்தாள்.
போன பங்குனியில் ‘நார்மல்’ என்று
கையெழுத்துப் போட்டது நான்.
ஆடியில் திரும்பி வந்தாள்,
ஓட்டேரியிலிருந்து ஷேர் ஆட்டோவில்,
கைக்குட்டையை மடித்துப் பிடித்தபடி.
மடிப்புக்குள் சிவப்பு.

பெயரில்லாத படம்.
எனக்கு மட்டும் பெயர் தெரியும்.

பெரிதாக்கினேன்.
கறுப்பை வெள்ளையாக்கினேன்.
ஊக்கின் வளைவுக்குள்ளும் தேடினேன்.
இருக்கிறது என்று தெரிந்தே தேடியும்
அங்கே ஒன்றுமில்லை என் கண்ணுக்கு.

தெரிந்ததை எழுதவா, பார்த்ததை எழுதவா?
இரண்டு ரயில்கள் போயின.

இல்லை.

சாயங்காலம் பரிமளகாந்தன் வந்தார்.
“போன தடவையும் இந்தத் தடவையும், டாக்டர்,
உங்க கண்ணு உங்களோட அப்படியே ஒத்துப்போகுது.
ரொம்ப நல்ல நம்பர்.”
கேன்டீன் காபி வாங்கித் தந்தார், சர்க்கரை தூக்கலாக.

குடித்தேன்.
தோளில் கை போனது தானாக.
என் ஊக்கு
இருந்த இடத்திலேயே இருந்தது.