போயிட்டு வாங்க

புதுவயலில்
மில்லில் சம்பளம் போட்ட சனிக்கிழமை.
ஒன்பதுக்குப் பத்து நிமிஷம்.
தவிட்டு வாசம் மெடிக்கலுக்குள் நுழைந்து
டெட்டால் வாசத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.

குனிந்து உள்ளே வந்தவர்கள் இரண்டு பேர்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டு,
அதனால்
என்ன வேணும்ணே என்றுதான் கேட்டேன்.
ஒருவன் கத்தியைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து
பிடியை விடாமல் நின்றான்.
பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது.

எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது:
இன்றைய கணக்கை இன்னும் முடிக்கவில்லையே.

கல்லாவைத் திறக்கிறேங்க.
சாவி இடுப்புல இருக்கு, கை அங்க போகுது.
டிராயர் கொஞ்சம் இழுக்கும், சத்தம் வரும்,
பதறாதீங்க.
ஊசி குத்துமுன் நர்ஸ் சொல்வதுபோல்
ஒவ்வொரு அசைவையும் சொல்லிவிட்டே செய்தேன்.
சில்லறையும் வேணுமா என்று
கேட்டுவிட்டேன் வேறு.

இன்ஹேலர் வாங்க நின்ற லாரி டிரைவர் அடைக்கலம்
நெல் மூட்டையை ஒற்றை ஆளாய்ப் புரட்டுகிறவர்.
அவருடைய வலது தோள் மெல்ல உயர்ந்தது.
மூட்டைக்கு அடியில் கை கொடுக்குமுன்
இப்படித்தான் உயருமாயிருக்கும்.
அண்ணே, உங்க பழைய பாக்கி நாப்பத்தேழு ரூபா,
நாளைக்குக் குடுங்க, என்றேன்.
விழித்தார்.
தோள் இறங்கியது.
அவருக்குப் பாக்கி எதுவும் இல்லை.

அதன்பிறகுதான் பார்க்க ஆரம்பித்தேன்.
முகத்தை இல்லை.
முகத்தைப் பார்த்தால், பார்த்ததைப் பார்த்துவிடுவார்கள்.
கீழே, ஒருவன் செருப்பின் அறுந்த வாரைக்
கம்பி போட்டுக் கட்டியிருந்தான்.
கத்திக்காரன் சுண்டுவிரல் நகத்தில்
பாதி வளர்ந்து போன மருதாணி.
யார் கல்யாணத்துக்கு வைத்ததோ.
அந்தக் கை நடுங்கியது.
நான் பயந்தது அந்த நடுக்கத்துக்குத்தான்;
நடுங்குகிற கத்தி எங்கே போகுமென்று
பிடித்திருப்பவனுக்கே தெரியாது.

பதினோராயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.
கேட்குமுன்பே செயினையும் கழற்றிக் கொடுத்தேன்.
கவரிங் என்று சொல்லவில்லை.
குனிந்து வெளியேறிய முதுகுகளிடம்
ஆறு வருஷப் பழக்கத்தில் வாய்
போயிட்டு வாங்க
என்றது.

பைக் சத்தம் கண்டனூர்ப் பக்கம் தேய்ந்த பிறகும்
மனசுக்குள் இருபது எண்ணினேன்.
ஷட்டரை முழுசாக இறக்கினேன்.
நூறுக்குப் போன் போட்டேன்.
ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம்
மறக்குமுன் எழுதினேன்:
கம்பி. மருதாணி. டியூப். குட்டையானவன் இருமினான்.

மறுநாள் ஊரே வந்து
என் கடையில் வீரத்தை நடித்துக் காட்டியது.
நானா இருந்தா மொளகாப்பொடி, என்றார் ஒருவர்.
நானா இருந்தா கையை முறுக்கி, என்று
எதிர்க்கடை அண்ணன் என் கையைப் பிடித்தே முறுக்கினார்.
முதலாளி முத்துக்கருப்பன் மட்டும் வருத்தமாக,
கத்தியிருக்கலாமேம்மா உமையா.
கத்தி இருந்துச்சே சார்,
அதுனாலதான் கத்தலை.

எஸ்.ஐ. ஜெபராணி
ரசீதுப் புத்தகத்தை இரண்டு முறை வாசித்தார்.
கம்பி என்ன கலர்?
பச்சை, மேடம். பிளாஸ்டிக் சுத்தினது.
அவர் வேறொன்றும் கேட்கவில்லை.
டீ வாங்கித் தந்தார்.

நான் உடைந்தது செவ்வாய்க்கிழமை,
மூக்கு ஒழுகும் பையன் ஒருவன்
ஷட்டருக்கடியில் குனிந்து வந்து
அக்கா, ஒரு பேண்டேஜ், என்றபோது.
பத்து ஸ்ட்ரிப் இருக்கும், கொட்டிவிட்டேன்.
அவனே பொறுக்கித் தந்தான்.

ராத்திரிகளில் அந்த ஒரு வார்த்தைதான்.
போங்க என்றால் போதாதா,
வாங்க என்றும் சொல்லித் தொலைத்தேனே.

நேற்று அடைக்கலம் வந்தார்.
நாற்பது ரூபாய் நோட்டாக,
ஏழு ரூபாய் சில்லறையாக
மேஜைமேல் வைத்தார்.
பாக்கி, என்றார்.
எந்தக் கணக்கில் எழுதுவதென்று தெரியாமல்
அது இன்னும்
டிராயரின் ஓரத்தில் தனியாகக் கிடக்கிறது.