எட்டு எண்ணும் வரை

1891. கீழமாசி வீதிப் பஞ்சு வியாபாரி வேல்ஜி,
ஊருக்கு வேலு சேட்டு.
பிடரியைக் கவ்விய இரும்புக் கவையைத்
தலைப்பாகை மறைக்கிறது.

பின்திரையில் கடல்.
வைகையைத் தாண்டாதவன் வரைந்தது,
அலையெல்லாம் வரப்பு மாதிரி.
கச்சிலிருந்து பத்தேமாரியில் வந்த குன்வர்பாய்
அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள்,
முக்காடு மூக்கு வரை.

எட்டு எண்ணும் வரை அசையக்கூடாது
என்றான் படக்காரன்.
அம்மாவுக்குத் தமிழ் வராது.
ஏழு வயது ஜமுனா
கச்சி மொழியில் சொல்லிக்கொண்டிருந்தாள்,
அசையாதே, அசையாதே என்று.
மூன்று, நான்கு, ஐந்து...

படத்தில் நாற்காலிச் சிங்கத்தின் பல் தெரிகிறது.
காகிதப் பூவின் மடிப்பு தெரிகிறது.
ஜமுனாவின் வாய் இருக்க வேண்டிய இடத்தில்
புகை.

"ஒரு முகம் பழுது, எட்டணா தள்ளு"
என்றார் சேட்டு,
பிசிறில்லாத தமிழில்.